ஆண்டவருக்கு மிச்சம்

“...மிச்சம் வச்சா அத ஆண்டவருதான் குடிக்கணும், அவரு இன்னைக்கிக் குடிச்சது காணாதாடீ?” என்று வரிசைக்கே கேட்கும்படி அன்று ஏழு வயசுக்காரியாயிருந்த என்னை அதட்டினாள் ரோசக்கா.

ஆரியசாலைக் காய்கறிக் கடையில் இன்று பாகற்காய்க் குவியலின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குப் பின்னே இருந்த, இப்போது காடு மூடிப்போன அந்தத் தகரக் கூரைக் கோயிலும் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானமும் அவள் குரலோடு வந்துவிட்டன. ஆண்டவருக்குச் சிலுவையில் கொடுத்த காடியின் நினைவாக, கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் பாகற்காயை இடித்துப் பிழிந்து, சிலுவையை முத்தமிட்டு வருகிறவர்களுக்கு ஊற்றித் தருவது வருஷாவருஷம் அவள்தான். எல்லோருக்கும் ஒரே தம்ளர். ஒருவர் காலி செய்தால்தான் அடுத்தவருக்கு. எனக்கோ பாதிக்கு மேல் இறங்கவில்லை. பின்னால் இருமல்களும் “வேகம் குடி மோளே” என்ற முனகலும் பெருக, சிலுவையில் தொங்கியவரின் பாதி திறந்த வாயைப் பார்த்தேன்; நான் விட்டது அங்கேதான் போகப்போகிறது என்ற பயத்தில் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கொண்டா இங்க, முழிக்கத பாரு” என்று அதைப் பிடுங்கிய ரோசக்கா, தன் பங்கை முன்பே குடித்திருந்தும், என் மிச்சத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, காலித் தம்ளரைச் சிலுவைக்கு நேரே கவிழ்த்துக் காட்டினாள்.