கௌரிக்கும் எனக்கும் ஒரே கிருமி

வலது முன்கையில் முதலில் தெரிந்தது கொசுக்கடி அளவு சிவப்பு. நான்காம் நாள் அது கொப்புளம். சந்தாபுரா கிளினிக்கில் கீறி மாத்திரை கொடுத்தார்கள், ஆறியது. பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மூன்றாம் முறை முழங்கைவரை வீங்கி, காய்ச்சலுடன் பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் படுத்தேன்.

சீழில் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத தோல் கிருமி) இருந்தது. மருந்தை மாற்றியதும் வீக்கம் வற்றியது. டாக்டர் மேடம் அத்துடன் விடவில்லை.

"வீட்ல மாடு இருக்கா சார்?"

"ஒண்ணு இருக்கு. வீட்டம்மாதான் பாத்துக்கிறாங்க."

ரகம் பிரிக்கும் சோதனை (கிருமியின் மரபணுவைப் படித்து அதன் வம்சத்தைக் கண்டறிவது) செய்திருந்தார்கள். என்னுடையது கால்நடைகளிடம் அதிகம் காணப்படும் வம்சமாம். கால்நடை மருத்துவர் வந்து எங்கள் பசு கௌரியின் பாலை எடுத்தார். என் மூக்கிலும் மனைவி மஞ்சுளாவின் மூக்கிலும் பஞ்சால் ஒற்றினார். கௌரிக்கு மறுபடியும் மடிநோய். மருந்துக்குக் கேட்காவிட்டால் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார். மஞ்சுளா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முடிவு வந்தது. கௌரிக்கும் எனக்கும் ஒரே ரகம். மஞ்சுளாவிடம் எதுவும் இல்லை.

"அப்போ மாட்டுகிட்டேருந்துதான் வந்துச்சா?" என்று டாக்டர் மேடத்திடம் கேட்டேன்.

"ஒரே ரகம்னுதான் ரிப்போர்ட் சொல்லுது. யாருக்கு முதல்லன்னு சொல்லாது. புண்ணுல வேற ஏதாவது தடவுனீங்களா?"

மஞ்சுளாதான் பதில் சொன்னாள். "முன்னாடி மடிநோய்க்கு வாங்குன ட்யூப் பாதி மிச்சம் இருந்துச்சு மேடம். மருந்து மருந்துதானேன்னு இவரே தடவிக்கிட்டார். வேணாம்னா கேட்டாத்தானே?"

"மிச்சத்தை?"

"கௌரிக்கே போட்டேன்."

காம்பு வழியாக மடிக்குள் நுழைக்கும் அந்த ட்யூபின் நுனி எங்கள் இருவரிடமும் போய்வந்திருக்கிறது. முதல் கொப்புளம் ட்யூப் வாங்குவதற்கு முன்பா, பின்பா? நாள்வாரியாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று வரிசை வந்தது.

"மாடு குடுத்துச்சா, நீங்க குடுத்தீங்களான்னு பஞ்சாயத்து வெக்காதீங்க. கையக் கழுவுங்க" என்றாள் மஞ்சுளா.

இப்படியொரு புண்ணோடு இதைப் படிப்பவர்கள், தடவியது எதுவானாலும் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு நான் பல வாரங்கள் மறைத்தேன்.

சிகிச்சைக்குப் பின் கௌரியின் பாலை இரண்டு முறை சோதித்தார்கள், கிருமி இல்லை. களிம்பு போட்டும் என் மூக்கில் இருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கையில் பழுப்பாக ஒரு வடு மட்டும். நான் நோயாளியா என்று மேடத்திடம் கேட்டேன்.

"நோய் இல்ல சார். கிருமி இருக்கு."

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை. என் நாட்கள் இப்போது ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனைவரை நீள்கின்றன. கௌரி இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். கொட்டகைக்குள் நான்தான் போகக்கூடாது.