பக்கத்து சீட்டு மாஸ்டர்

பழனிசெட்டிபட்டியில் ஒரு செல்போன் கடையில், போனின் உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வாசலில் ‘எல்’ போர்டு மாட்டிய காரை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்தார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை. கையில் பழைய வீடியோ கேம் கேசட் ஒன்று.

அந்தக் கேசட் ஓடிய மெஷின் எப்போதோ பழுதாகிவிட்டதாம். பழைய கேசட்டைப் போட்டு விளையாட இப்போது புதிதாக மெஷின் வருகிறது. அதில் ஒன்றைக் கடைக்காரர் அவருக்காக வரவழைத்திருந்தார். கேசட்டைச் செருகி, கடையிலிருந்த டிவியில் மாட்டிப் பார்த்தார்கள். டிவியில் ஒன்றும் வரவில்லை. மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. கேசட்டை உருவி வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

“ஊதாதீகண்ணே, எச்சி படும்” என்று கடைக்காரர் அதை வாங்கித் துணியால் துடைத்துச் செருகினார்.

கார் பந்தயம் தொடங்கியது. மாஸ்டர் ஓட்டிய அழகை என்ன சொல்ல! லாரியில் மோதினார், மரத்தில் மோதினார், பாலத்திலிருந்து ஆற்றுக்குள் பாய்ந்தார். மோதும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னண்ணே, கத்துக்குடுக்கிறவுக நீங்களே இப்பிடி ஓட்டுறீக?” என்றேன்.

“வருசக்கணக்கா பக்கத்து சீட்டுல, பிரேக்குல கால வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன் தம்பி. இங்கனயாச்சும் நான் ஓட்டிக்கிறேனே!”

மெஷினை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, “தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியாட்டி நம்மகிட்ட வாங்க” என்றார்.

எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டால் அவரிடம்தான் கற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அத்தனையும் பார்த்த பிறகு ஏன் அப்படித் தோன்றுகிறது என்றுதான் விளங்கவில்லை.