கூலி எழுதாத கொட்டேஷன்

என் பழைய வேனுக்கு இஞ்சின் மாற்ற மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டிருந்தேன். மூன்றும் மேசையில் கிடக்கின்றன. புதுக்கோட்டைக்காரர் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார்: வேறு வண்டியில் ஓடிய இஞ்சின், கூலி தனி. திருச்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: பிரித்துச் சரிசெய்த இஞ்சின், ஆறு மாத உத்தரவாதம், கழற்றிய பழைய இஞ்சினை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, துபாயிலிருந்து திரும்பி அறந்தாங்கியில் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது. திருப்பிப் பார்த்தேன். போன வியாழக்கிழமைத் தாள். தேதி பார்க்காமல் எந்தத் தாளையும் கீழே வைக்க முடியாத ஆள் நான்.

“வண்டி வெலைய விட இஞ்சின் வெல கூட. பேசாம எடைக்குப் போட்டுருங்க” என்கிறாள் மனைவி. நியாயம்தான். எனக்கோ வேறொரு குடைச்சல். ஆரோக்கியத்தின் தாளில் கூலி என்ற வரியே இல்லை. ஏன்?

தாளில் டீசல் வாசனை. அது என்னை ஏர்போர்ட் சாலைக்கே கொண்டுபோய்விட்டது. பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல், இந்த வேனை வாங்கி நானே ஓட்டிய நாட்கள். அப்போதெல்லாம் வளைகுடாவுக்கு ஒருவர் போனால், திருச்சி வரை பத்துப் பதினைந்து பேர் வழியனுப்ப வருவார்கள். நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, புறப்பட்ட நேரம், எத்தனை தலை, யார் வாந்தி எடுத்தது வரை அதில் இருக்கும்.

ஆரோக்கியம் முதல்முறை துபாய் போன அன்று பதினான்கு தலை. நார்த்தாமலை விலக்கில் டீக்கு நிறுத்தினேன். அவன் மாமா ஒருவர் முறுக்குப் பொட்டலத்தோடு அங்கே காத்திருந்தார். கிளம்பும்போது மறுபடி எண்ணினேன். பதினான்கு. எனக்குப் பரம திருப்தி.

மாத்தூர் தாண்டும்போது அவன் ஆத்தா, மடியில் இருந்த கைப்பையைத் தடவியபடி, “பாஸ்போட்டு இதுக்குள்ளதான இருக்கு, ஆரோக்கியம்?” என்று கேட்டது. ஆத்தா எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

“ஏப்பா டிரைவரு, எம்மவன எங்க?”

அவன் இடத்தில் முறுக்கோடு மாமா உட்கார்ந்திருந்தார். “ஏர்போட்ட பாத்ததே இல்ல, நானும் வாரேன்னு ஏறிட்டேன். அவன் முன்னாடி இருக்கான்னுல்ல நெனச்சேன்!”

வண்டியைத் திருப்பினேன். டீக்கடை வாசலில் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான். “எங்கடா போன?” என்றேன். “சும்மாண்ணே” என்று ஏறிக்கொண்டான். மறுபடி திருச்சியை நோக்கி ஓட்டும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினால் விமானம் போய்விடும். நிறுத்தாவிட்டால் இஞ்சின் போய்விடும். நான் நிறுத்தவில்லை. ஏர்போர்ட் வந்ததும் ஆத்தா மடியிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு அவன் உள்ளே ஓடினான். வழியனுப்ப வந்த ஒருவர்கூட அவனை வழியனுப்பவில்லை. வாசலில் ஆவி கக்கிக்கொண்டு வேன் நின்றது. அன்று பட்ட சூட்டைத்தான் இத்தனை வருடமும் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறேன்.

ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். “கூலி எழுதலையேப்பா?”

“என்னாலதானண்ணே அந்த இஞ்சின் வெந்துச்சு. கூலி வாங்குனேன்னு தெரிஞ்சா ஆத்தா வெளக்கமாத்த எடுத்துரும்.”

“அது கெடக்கட்டும். அன்னைக்கு நீ எங்கதான் போயிருந்த?”

பட்டறைச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினான்.

“கடைக்குப் பின்னால நின்னு அழுதேண்ணே. ஆத்தா பாத்தா போக விடாதுல்ல.”

பழைய நோட்டை எடுத்தேன். அந்தத் தேதிக்கு நேரே ‘தாமதம், காரணம்’ என்று எழுதி, காரணத்தைக் காலியாக விட்டிருந்தேன். இப்போது நிரப்பி, பக்கத்தில் இன்றைய தேதியையும் போட்டேன். பிறகு ஆரோக்கியத்திடமே வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

“சரி, யார ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்களாம்?” என்றாள் மனைவி.

போன மாதம் சவாரி கிடைக்குமா என்று ஏர்போர்ட் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். கால்டாக்சிகளிலிருந்து ஒவ்வொருவராகத் தனியே இறங்கினார்கள். ஒரு பையன் பெட்டியைப் பிடித்தபடி, எல்லோரும் நடமாடும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். மறைந்து நிற்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கூட யாரும் வரவில்லை.