வேனிலிருந்து ஓடியவன்

வேன் தீப்பிடித்தபோது நான் ஓடினேன். என் மனைவி உள்ளே இருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், காரணங்களை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னதாக ஆகிவிடும்.

காரணம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வேதியியல் படித்துவிட்டு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவன் நான். மருந்துக் கலவையைச் சரிபார்ப்பது என் பாதி வேலை. ஆட்களுக்கு ஓடச் சொல்லிக் கொடுப்பது மீதி வேலை. எங்கள் அறைகள் சின்னவை. எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு வாசல் இருக்கும். பொறியைக் கண்டால் கத்து, பக்கத்து வாசலால் வெளியேறு, காற்று வரும் திசையைப் பார்த்து ஓடு, யாருக்காகவும் நிற்காதே, திரும்பிப் பார்க்காதே. புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் பாடம். ஒத்திகையில் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டியிருக்கிறேன். தனித்தனியாக ஓடினால் இரண்டு உயிர் மிஞ்சும், சேர்ந்து ஓடினால் ஒன்றும் மிஞ்சாது என்றேன். அதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் விட்டு, இரண்டு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் அடுப்பு, அதன் கீழே ஒரு சின்ன சிலிண்டர் என்று வைத்தேன். தலையையும் கையையும் வெளியே நீட்டாதே என்று உள்ளே எழுதியிருந்ததை மட்டும் பட்டறைக்காரர் அழிக்க மறந்துவிட்டார். ஜன்னல்களுக்கு என் மனைவி திரைச்சீலை தைத்தாள். தெருவில் எல்லோரும் அதைக் கேரவன் என்றே சொன்னார்கள். பால்காரர் அவளிடம் எந்தப் படத்தில் நடிக்கிறீர்கள் என்று தினமும் கேட்பார்.

"எனக்கு அம்மா வேசம்தான். அவுகளுக்குத்தான் ரெட்டை வேசம், டிரைவரும் மெக்கானிக்கும்" என்பாள் அவள்.

மெக்கானிக் வேடத்தை நான் கொஞ்சம் கூடுதலாகவே நடித்துவிட்டேன். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர்க் குழாயை நானே மாட்டினேன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வேலையைச் சோதித்தவன், என் வேலையைச் சோதிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை.

முதல் பயணம் தூரமில்லை, வெம்பக்கோட்டை அணை வரைக்கும். காலையில் கரையோரமாக வண்டியை நிறுத்தினோம். அவள் பால் சட்டியை வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். தீ அடுப்புக்கு மேலே வராமல் கீழே வந்தது. நான் கதவருகே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நினைவு இருப்பது ஒரு கருவேல மரத்தடியில். செருப்பில்லாமல் நிற்கிறேன், மூச்சு வாங்குகிறது. ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காற்று வரும் திசையைப் பார்த்து, எங்கும் நிற்காமல், திரும்பிப் பார்க்காமல் ஓடியிருந்தேன். தீயணைப்பான் ஒன்று வாங்கிக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். அதைத் தாண்டித்தான் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது திரைச்சீலைகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் தானாகவே இறங்கி வந்தாள். வலது கையை, யாருடையதோ ஒன்றைச் சுமந்து வருவதுபோல உயர்த்திப் பிடித்திருந்தாள். நான் ஓடிய பிறகு அவள் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடியிருக்கிறாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் குடிதண்ணீர் முழுவதையும் அந்தக் கையில் ஊற்றினாள். அவ்வழியே வந்த ஒரு லோடு ஆட்டோ எங்களை ஏற்றிக்கொண்டது. வேன் எரிந்து முடிந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பட்டாசுக் கம்பெனி என்பது. கம்பெனி இல்லை, டீ போடும்போது என்றேன். அந்த வார்டில் டீ போட்டுப் படுத்தவர் வேறு யாரும் இல்லை. அவர் என்னை நம்பாமல் என் மனைவியிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

பார்க்க வந்த உறவினர்கள் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார்கள். அவள் தயங்கவே இல்லை.

"அவுக தண்ணி எடுக்கத்தான் ஓடுனாக" என்றாள்.

அணை நான் ஓடிய திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. நான் மறுக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த ஆப்பிளை நறுக்கி அவர்களுக்கே கொடுத்தேன். ஒவ்வொருவரும் வரும்போது அதையே சொன்னாள், ஒவ்வொரு முறையும் நான் ஆப்பிள் நறுக்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கையாக நான் இருந்தேன். சோறு பிசைந்து ஊட்டினேன். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். என் பின்னல் கோணிக்கொண்டு காதோரம்தான் முடியும். அவள் குறை சொல்லவில்லை, அதுதான் சங்கடம். முன்பெல்லாம் குழம்பில் உப்புக் குறைவு என்றால்கூட நான் பிறந்த ஊர் வரை இழுத்துப் பேசுகிறவள், இப்போது "போதும்", "சூடு", "மெல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். புண் ஆறிவந்தது. என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

தாங்க முடியாமல் ஒருநாள் அவள் தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு விஸ்வநத்தத்தில் சொந்தப் பட்டாசு யூனிட். சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓடாம? நின்னு வேடிக்கையா பாப்பாக? சரியாத்தான் செஞ்சிருக்கீக அத்தான்" என்றார். பிறகு, அவள் ஏன் ஓடவில்லை என்று அவள்மேல்தான் வருத்தப்பட்டார். இந்த ஊர்களில் தீயைக் கண்டு ஓடியவனைக் குற்றம் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

சில நாள் கழித்து, என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் சேதி கேள்விப்பட்டு வந்தார். பல வருடம் முன்பு அவர் இருந்த அறை வெடித்தபோது ஒரு காயமும் இல்லாமல் தப்பியவர். என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிவந்த கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். சார் சொல்லிக்கொடுத்த ஓட்டம்தான் தன்னை இன்று வரை உயிரோடு வைத்திருக்கிறது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆமா, அருமையா ஓடுவாக. நானே பாத்தேன்" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் இருவர் முகத்தையும் பார்த்தார். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டேன், பிறகு ஏன் எல்லோரிடமும் தண்ணீர் என்று சொன்னாய் என்று.

"எம் புருசன் ஓடிட்டாருன்னு நானே சொல்லணுமா?"

"தப்புத்தான்" என்றேன்.

"ஓடுனது தப்புன்னு நான் சொல்லல. ஊருல அம்புட்டுப் பேருக்கும் ஓடச் சொல்லிக் குடுத்தீக. எனக்கு ஒரு நாளாச்சும் சொன்னீகளா? நான் பாட்டுக்குத் திருகிக்கிட்டு நின்னேன். ஓடுன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

என் பாடத்தின் முதல் வரியே கத்து என்பதுதான். மற்ற நான்கையும் ஒழுங்காகச் செய்தவன் அதை விட்டுவிட்டேன். அவள் அன்று நெடுநேரம் பேசினாள். நான் பிறந்த ஊரும் வந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மறுநாள் சமையலறையில் அடுப்பு முன் நின்றுகொண்டு, இப்போது கத்துங்கள் என்றாள். கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் முட்டிவலியோடு மெதுவாகப் பின்வாசலால் வெளியேறி, துணிக்கொடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

அடுத்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

"நான் உள்ள இருக்கேன், தீப் புடிச்சிருக்கு. நீங்க வாங்க" என்றாள்.

வாசற்படி வரை வந்தேன். கால் நின்றுவிட்டது. விளையாட்டுக்கு என்று தெரியும், அடுப்பில் தீயும் இல்லை. ஆனாலும் நின்றுவிட்டது. அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பப் போய்ட்டு வாங்க" என்றாள்.

போய்விட்டு வந்தேன். இந்த முறை உள்ளே போனேன். முறத்திலிருந்த சின்ன வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். அவள் விரல்கள் இன்னும் தோல் உரிக்கும் அளவுக்கு மடங்கவில்லை. நான் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன்.