ஒன்பதாயிரம் கட்டையில் ஒரு முகம்

லேபிள்காரரைப் போலக் கண் கூர்மையான ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, லேபிள்காரரேதான். மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் பட்டறையில் முப்பது வருடமாக அவருக்குச் சரிபார்க்கும் வேலை. அச்சுக்குப் போகும் ரப்பர் பிளேட்டில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். மற்றவர்கள் அதைக் கண்ணாடியில் காட்டிப் படிப்பார்கள். இவர் அப்படியே கடகடவென்று படித்துவிடுவார். நேராக இருந்தால் என்ன, திரும்பி இருந்தால் என்ன, என் கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான் என்று மார்தட்டிக்கொள்வார். அதற்காகப் பட்டறையில் ஒருமுறை அவருக்குச் சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட கண்ணை லேபிளோடு நிறுத்திக்கொண்டால் கலையுலகம் என்ன ஆவது? மகளுக்கு ஐந்து வயதானபோது ஒரு டப்பா பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கிக் கொடுத்தார். குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தி வீடு கட்டுவார்களே, அந்தக் கட்டைகள்தான். மகள் இரண்டே வருடத்தில் அதை மறந்துவிட்டு, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊரில் குடியேறிவிட்டாள். அப்பாதான் இன்னும் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. முதலில் ஒரு நாய் செய்தார். பார்த்தவர்கள் ஸ்டூல் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்து நிஜ அளவில் ஒரு ஸ்கூட்டர். அதை வைக்க இடம் வேண்டுமென்று ஓட்டுகிற ஸ்கூட்டரைத் தெருவில் மழையில் நிறுத்தினார். பிறகு முதலாளிக்கு மார்பளவுச் சிலை. முதலாளி அதை வெகுவாகப் பாராட்டி, காகிதச் சுருள்களுக்குப் பின்னால், யார் கண்ணும் பட்டுவிடாத இடத்தில் பத்திரமாக வைத்தார்.

வீடு என்று பார்த்தால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. படுக்கையறையில் படுத்திருந்தவை கட்டைகள். நிறவாரியாக நாற்பது டப்பாக்கள், கட்டில்மேலும் கட்டிலுக்கடியிலும். துணி அலமாரியில் பச்சை நிறம் குடியிருந்தது, துணிகள் சூட்கேஸில் இருந்தன. வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று பழுதுபார்க்க வந்தவர், உள்ளே கையை விட்டு ஒரு பிடி மஞ்சள் கட்டைகளை எடுத்துக் காட்டினார். இரண்டு மாதமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று லேபிள்காரர் அவருக்கு மனமார நன்றி சொன்னார்.

அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களை நாளெல்லாம் உட்காரவைத்து, இதோ கூப்பிடுவார்கள் என்று சொல்லியே பொறுமை பழகியவள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது மிரளக்கூட இல்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மகள் கூப்பிடுகிறாள். படுக்கையறையை விட்டுக் கட்டைகள் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் மகள் வீட்டோடு போய்விடுவேன். ஐந்து மாதம் கழித்து வருகிற உங்கள் சங்கத்துக் கட்டைக் கண்காட்சி முடிகிறவரைக்கும் கெடு என்று நாளும் குறித்துக் கொடுத்தாள்.

அவள் இல்லாத வீட்டை லேபிள்காரரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது நிஜம், அதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. அவர் இடத்தில் வேறு யாராவது இருந்தால் டப்பாக்களை நகர்த்தியிருப்பார்கள். கலைஞருக்கு அந்த மாதிரி அற்ப யோசனைகள் வருவதில்லை. கட்டைகளாலேயே அவள் முகத்தைச் செய்து கண்காட்சியில் மாட்டிவிட்டால் மனம் உருகிவிடும் என்று முடிவு கட்டினார்.

திடீரென்று காட்ட வேண்டிய பொருள், அதனால் போட்டோவையும் தெரியாமல் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு காலையில் அவள் நிலைக்கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது, கதவோரத்தில் நின்று, கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் போனில் எடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டதும் அது முகத்தை ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டங்களாக நறுக்கி, கட்டத்துக்கு ஒரு நிற எண் கொடுத்தது. நாலு மாதம், வேலை முடிந்து வந்த கையோடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணைப் பார்ப்பதும் கட்டையை அழுத்துவதுமாகக் கிடந்தார். டப்பாக்களைத்தான் ஒழிக்கிறார் போலிருக்கிறது என்று நம்பிய அந்த அம்மாள், ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

கண்காட்சி நூலகத்தின் மாடி ஹாலில் நடந்தது. ஏழு பேர் கொண்ட கட்டைக் கலைச் சங்கம், ஏழு பேருமே நிர்வாகிகள். ஆறடி கிடார், ஒரு சுறாமீன், யாருக்கும் விளங்காத ஒரு நவீன சிற்பம், நடுச் சுவரில் இந்த முகம். கிட்டே போனால் வெறும் வண்ணச் சதுரங்கள்தான், இருபதடி தள்ளி நின்றால்தான் முகம் கூடி வரும். அதனால் சங்கத் தலைவர் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தார். கோட்டில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் மனைவி வேலை முடிந்து தம்பியோடு வந்தாள். டப்பாக்கள் அறையை விட்டுப் போன பாடில்லை, அதனால் மறுநாள் காலை ரயிலுக்கான டிக்கெட் கைப்பையில் இருந்தது. கோட்டில் நின்று வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை லேபிள்காரர் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

"அக்கா, நீயேதான்," என்றான் தம்பி. "ஆனா எங்கயோ இடிக்குதே."

அவள் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "ஏங்க, எனக்கு மச்சம் எந்தப் பக்கம்?"

லேபிள்காரர் சுவரைப் பார்த்து, "வலது கன்னத்துல," என்றார். தம்பி சும்மா இருமினான்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. வகிடும் அந்தப் பக்கம்தான். கண்ணாடியில் எடுத்த போட்டோ, பிளேட் பார்த்துப் பழகிய கண், ரெண்டு பக்கமும் ஒன்றாகவே தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போய், ஒன்பதாயிரம் கட்டத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று முடித்தார்.

"தப்பில்லைதான், ஒத்துக்கறேன்," என்றாள் அவள். "நாலு மாசம் கண்ணாடி மூஞ்சியைப் பார்த்து இழைச்சிருக்கீங்க. நிஜ மூஞ்சி பக்கத்துலதானே பாய் போட்டுப் படுத்திருந்துச்சு."

முழுக்கப் பிரித்துத் திரும்பச் செய்வதாக லேபிள்காரர் முனகினார். நீ ஊருக்குப் போய்விட்டால் எதைப் பார்த்துச் செய்வது என்றும் கேட்டார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பத்து நிமிடம்தான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

கட்டமும் எண்ணும் இல்லாமல் எங்கே தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. கம்ப்யூட்டர் கொடுத்த எண்ணை நம்பி, அந்த இடத்தில் அவர் சுத்தமான கறுப்பு வைத்திருந்தார். இடது புருவத்துக்குள் ஒரு சின்னத் தழும்பு. குனிந்து பார்த்தார்.

"இது எப்ப வந்தது?"

"போன வருஷம். உங்க கட்டையை மிதிச்சு வழுக்கி விழுந்தேன். ரெண்டு தையல். வேலை பாக்கிற இடத்துலயே டாக்டர் போட்டுவிட்டார்."

"நான் எங்க இருந்தேன்?"

"வீட்லதான். யானைக்குத் தும்பிக்கை வச்சிட்டிருந்தீங்க."

மறுநாள் காலை அவள் ரயிலேறினாள். ஸ்டேஷன்வரைக்கும் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போனவர் லேபிள்காரர்தான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் படுக்கையறையிலிருந்த நாற்பது டப்பாக்களையும் எடுத்து வெளியே வைத்தார். எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.