லெட்சுமிக்கு ஜப்பானியத்தில் ஒரு பெயர்

ரிங்லெட்டில் காலை நடை போனால் மூன்று மொழிகளில் வணக்கம் கிடைக்கும். வெயில் மட்டும் கிடைக்காது. சென்னையில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் துபாஷியாகவே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதால் மலேசியாவின் இந்தக் கேமரன் மலைக்கு வந்து சேர்ந்தேன். விசாவைப் புதுப்பிக்க எந்த நகலில் யார் கையெழுத்து வேண்டும் என்று குடிநுழைவு அதிகாரிகளுக்கே நினைவூட்டுகிறவன். அதனால் அவர்களுக்கு என்னைப் பிடிக்காது.

போன மாதம் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜர் மொழிபெயர்க்க அழைத்தார். தமிழர்தான், ஆனாலும் தொழிலாளிகளுக்கு அவர் துரை. தேயிலை வாங்க ஜப்பானிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். கொழுந்து வெட்டுகிறவர்களை நேரில் பார்க்காமல் அவர்கள் எதையும் வாங்குவதில்லை. வரிசையின் கடைசியில் நின்றவள் லெட்சுமி, என் மருமகனின் சித்தி. ஓய்வு வயதைத் தாண்டியவள். வேலை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. நீட்டிக்காவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"ரெபெல், நான்கன்ஃபார்மிஸ்ட்" என்று மானேஜர் ஆங்கிலத்தில் அவளை அறிமுகப்படுத்திச் சிரித்தார். பிறகு என் காதோடு, "பதமா சொல்லுங்க சார். இந்தம்மா வேணாம்னு அவங்க வாயாலயே வரட்டும்லா, நீட்டிக்காம விட எனக்கும் ஒரு சாக்கு" என்றார். இந்த ஊரில் பாதிப் பேச்சு 'லா'வில்தான் முடியும்.

ரெபெலுக்கு ஜப்பானிய அகராதி 'ஹங்யாகுஷா' என்னும். அது அரசனுக்கு எதிராக வாளெடுத்தவன். 'இதான்ஜி' என்றால் பத்திரிகைகள் பெரிய முதலாளிகளைப் புகழும் சொல். 'ஹெசோமகாரி' என்றால் தொப்புள் கோணியவர், வீட்டுக்கொரு முரட்டு மாமா. லெட்சுமி இவர்களில் யாருமில்லை. நம்மூரில் கலகக்காரனுக்கு மாலை போட்டு மேடையேற்றுவோம். அவன் வீட்டில் பெண் எடுக்க மட்டும் யோசிப்போம். ஜப்பானியர் மாலையும் போடுவதில்லை. பெயர் சூட்டாமல், அந்த ஆள் என்ன செய்வார் என்று மட்டும் சொல்வார்கள். நானும் அப்படியே சொன்னேன்: "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறவர்."

இருவரில் மூத்தவர் நிமிர்ந்தார். "எதைச் சொன்னார்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேள்வியை விழுங்கத் துபாஷிக்கு அதிகாரமில்லை. லெட்சுமியிடம் கேட்டேன்.

"மருந்தடிச்ச ஈரங்கூட காயல, கொழுந்து வெட்டச் சொன்னாரு. நாளாவட்டும் துரை, மனுசந்தானே குடிக்கப் போறான்னேன். அவ்ளோதான் சம்மந்தி. அதுக்கா இங்கிலீசுல இவ்ளோ நீளமா திட்டுறாரு?"

"சார், அத விட்டுருங்கலா" என்றார் மானேஜர். பல் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

விடவில்லை. ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். மூத்தவர் மானேஜருக்குக் குனிந்ததைவிட ஆழமாக லெட்சுமிக்குக் குனிந்தார். பிறகு மானேஜரிடம், "கெந்தோ ஷிமாஸ்" என்றார். பரிசீலிக்கிறோம் என்று பொருள்.

"பாத்தீங்களா, கன்சிடர் பண்றாங்க!" மானேஜர் என் கையைக் குலுக்கினார். அப்படிச் சொல்லிப் போன ஜப்பானியர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அது மானேஜருக்குத் தெரிய சில வாரங்கள் ஆகும். தெரிந்ததும் முதலில் யாருடைய நீட்டிப்பில் கைவைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இறங்கும் வழியில் லெட்சுமி கேட்டாள்: "பெருசாதான் குனிஞ்சாரு. அப்ப என் வீடு நிக்குமா சம்மந்தி?"

ஒசாகா தலைமையகத்தில் இருந்த என் பழைய மேலாளர், இல்லை என்று சொல்ல மனம் வராதபோது பல்லிடுக்கில் காற்றை உள்ளிழுப்பார். நானும் இழுத்தேன். வாயில் வந்ததோ, "பாப்போம்லா."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அடேயப்பா, சுத்தமா எங்க ஊரு ஆளாயிட்டீங்க!"