உடுமலை பஸ்ஸில் ஒரு ரோஸ் கலர் சட்டை

இரண்டு மாதமாக இந்த வலைப்பூவில் எதுவும் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பதிவுக்கு யாரோ பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார்கள். "உங்க அண்ணன் பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர்தானே? பச்சை கேட் போட்ட லைன் வீடுதானே?" இரண்டுமே சரி. நான்தான் பழைய பதிவுகளில் உளறி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவை பிரௌசிங் சென்டரில் பார்த்த அன்றே அப்பா சொல்லிவிட்டார், நம் வீட்டில் யாராவது அங்கே போனால் பள்ளிக்கூடம் கட், மறுநாளே கம்பெனி வேலை என்று. நான் பதினொன்றாவது படிக்கிறேன், இந்தப் பதிவுகளை ஏற்றுவதும் அதே மாதிரி ஒரு சென்டரில்தான். கம்பெனிக்குப் போக எனக்கு இஷ்டமில்லை.

எல்லோரும் தூங்கிய பிறகுதான் ரஃப் நோட்டைத் திறப்பேன். ஒரு வரி எழுதுவேன். இதை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அடித்துவிடுவேன். 'மழை பெய்தது' என்பதைக்கூட அடித்தேன். எங்கள் தெருவில் மட்டும் பெய்திருந்தால்? சித்தியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைக்குப் போகிறோம் என்றதும் ஒரு முடிவு எடுத்தேன். திரும்பி வந்தும் எழுத வரவில்லை என்றால் வலைப்பூவை அழித்துவிடுவது.

காலை 7.10க்கு நானும் அம்மாவும் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 22 ரூபாய், தூரம் 65 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்றார் கண்டக்டர். ஆனது இரண்டேகால். அம்மா ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

பல்லடத்தில் ஏறிய ஒருவர் மடியில் ஒரு ரோஸ் டி-சர்ட்டை வைத்துக்கொண்டு செல்போனில் கத்த ஆரம்பித்தார். "ஏனுங்க, கலரைப் பாக்காதீங்க! அது சாம்பிளுங்க, கெடச்ச துணியில தெச்சதுங்க. இல்லீங்க, ஆம்பளைங்க சட்டைதானுங்க. டேப்பை வெச்சு அளவை மட்டும் பாருங்க!"

போனை வைத்ததும் கண்டக்டர் விடவில்லை. "ஏனுங்க, அந்த ரோஸ் சட்டைய எனக்குக் குடுத்துருங்க. ஊட்டுக்காரிக்குக் கலர் புடிச்சுப் போயிரும்."

அவர் கண்டக்டரின் வயிற்றைப் பார்த்தார். "கலர் செரிதானுங்க. அளவுதான் பத்தாது."

பஸ்ஸே சிரித்தது. நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். "நிஜமாவே ரோஸ்ல தைப்பாங்களாம்மா?"

"பின்ன? ஆர்டர் துணி சாயப்பட்டறையில இருந்து வர்ற வரைக்கும் மிஷினைச் சும்மாவா போட்டு வைப்பாவ? இருக்கதுல தைப்பாவ. அளவு சரியா இருந்தா போதும்ட்டி."

குடிமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். நான் சரியாகப் பார்க்கவில்லை. அடித்த வரிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் கலருக்குப் பயந்து அடித்தவை. யார் அண்ணன், என்ன கேட் என்பதை மாற்றிவிட்டாலும் நடந்தது நடந்ததுதானே. டிக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒன்றையும் அடிக்கவில்லை.

"என்னட்டி எழுதுத?"

"பஸ் டைம்மா."

அம்மா என் டிக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் டிக்கெட்டையும் நீட்டினாள். "டைம் நெறைய இருக்கும் போல. இதுலயும் எழுதிக்க. செக்கிங் வந்தா மட்டும் ஒழுங்கா எடுத்துக் குடு."

போகிறவர்களுக்கு: காலையில் ஏழரைக்குள் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். திரும்ப 4.20 பஸ்ஸைப் பிடியுங்கள். ஐந்துக்கு மேல் நின்றுகொண்டுதான் வர வேண்டும். காற்றாலை பார்க்க நினைப்பவர்கள் குடிமங்கலத்துக்கு முன்பே தூங்கிவிடாதீர்கள். எழுத வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் கிடைத்த துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள். நல்ல துணி பிறகு வரட்டும்.

பழைய பதிவுகளில் தேவையானதை மாற்றிவிட்டேன். வலைப்பூவை அழிக்கவில்லை. இந்தப் பதிவில் நேரம், கட்டணம், தூரம் மூன்றும் அளவெடுத்தவை, நம்பிப் போகலாம். அண்ணன், சித்தி, பச்சை கேட் எல்லாம் கலர் மாற்றியவை. அந்தப் பின்னூட்டத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், தேடிக்கொண்டு வர வேண்டாம். போனில் கத்தியவருக்கு நன்றி. உங்கள் ஆர்டர் நல்லபடியாகப் போயிருக்க வேண்டும்.

அம்மா டிக்கெட்டை நீட்டினாள் என்றேனே, அது மட்டும் அப்படியே நடந்தது.